பேருந்து நன்றாகத் தெரிகிறது

பள்ளிப் பேருந்து என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது தெரிகிறதா என்று பார்க்க வெறும் கண் போதாது, அதற்கென்று ஒரு கண்காணிப்பகம் வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்களே, அன்றைக்குப் பிடித்தது ராசாத்தாளுக்குச் சனி.

ராசாத்தாள் பத்தொன்பது வருசம் விசைத்தறியில் நின்றவள். தறிக் கூடத்தை மூடிவிட்டு ஓனர் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால், சூலூர்ப் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்காம் நம்பர் பேருந்துக்கு ஆயாவாகச் சேர்ந்தாள். பள்ளியின் பெயர் எதற்கு, எல்லாப் பள்ளிக்கும் ஒரே மஞ்சள்தான். ஆயா என்பது வேலையின் பெயர். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பிள்ளைகள் ராசாத்தாக்கா என்றுதான் கூப்பிடும்.

வேலை இதுதான்: பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும். அதில் அவளுக்கு ஒரு தொழில் சுத்தம் இருந்தது. விரலைப் பிடிக்க மாட்டாள். விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும். மணிக்கட்டைப் பிடிப்பாள். இன்னொரு கையை உயர்த்திக்கொண்டு, வருகிற லாரிக்காரனை முறைத்தபடியே நடப்பாள். கடத்திவிட்டுத் திரும்பி வந்து, பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். டப், டப். அந்தச் சத்தம் கேட்டால்தான் டிரைவர் அங்கப்பன் கியரைப் போடுவார். அங்கப்பன் இருபது வருசம் ரூட் பஸ் ஓட்டியவர். கண்டக்டரின் இரண்டு தட்டுக்குப் பழகிய கால். இந்த ஏற்பாட்டில் மூன்று வருசமாக ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கிடையாது.

கடைசி நிறுத்தம் ஓணாங்காட்டுப் பிரிவு. அங்கே இறங்குவது ஒரே ஒரு ஆள், யு.கே.ஜி. படிக்கும் ஹர்ஷிணி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவள் அப்பா மதன்குமாரின் பேக்கரி. நாலு இருபதுக்குப் பேருந்து வரும். அதே நேரத்துக்குத்தான் பக்கத்து மில்லில் ஷிஃப்ட் விடும். மதன்குமார் டீ ஆற்றிக்கொண்டிருப்பார், அம்மா பிரவீனா தேங்காய் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இருவராலும் அந்தக் கால் மணி நேரம் அசைய முடியாது. அதனால் பள்ளியில் சேர்த்த அன்றே பிரவீனா ராசாத்தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "அக்கா, ரோட்டுல மட்டும் இவ கைய உட்றாதீங்க. பாக்கியெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க."

ராசாத்தாளும் விடவில்லை. கண்காணிப்பகம் வரும்வரை விடவில்லை.

அதன் முழுப் பெயர் பள்ளி வாகன ஏற்ற இறக்கப் புலப்பாட்டுக் கண்காணிப்பகம். அலுவலகம் பீளமேட்டில், இரண்டாவது மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால். பெயர்ப்பலகையை மரக்கிளை மறைத்திருந்ததால் கண்டுபிடிக்க நாலு பேரிடம் கேட்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிப் பேருந்துகளையெல்லாம் ஒரு மைதானத்துக்கு வரவழைத்து வரிசையில் நிறுத்தினார்கள். மூன்று அலுவலர்கள் ஐம்பது மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேருந்தையும் பார்த்து, "தெரிகிறது" என்று கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவருக்குக் கண்புரை. நான்காம் நம்பர் வந்தபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மனசாட்சிப்படி கையெழுத்துப் போட முடியாது என்றுவிட்டார். ஆகவே நான்காம் நம்பர் மூன்றில் இரண்டு பங்கு தெரிவதாகச் சான்றிதழ் ஆயிற்று. மீதி ஒரு பங்குக்காகப் பள்ளி நிர்வாகம் மறுபடி மஞ்சள் அடித்தது. அடித்த மஞ்சள் மாம்பழ மஞ்சளா, பூசு மஞ்சளா என்று ஒரு அட்டையை ஒட்டிப் பார்த்ததில் அரை நாள் போயிற்று. கண்ணாடிக்குக் கீழே அங்கப்பன் இட்டிருந்த சந்தனப் பொட்டு பள்ளியின் பெயரில் ஒரு புள்ளியை மறைக்கிறது என்று அதையும் சுரண்டச் சொன்னார்கள். அங்கப்பன் சுரண்டினார்.

பிறகு புலப்பாட்டு அலுவலர் மனோஜ்குமார் பேசினார். ரொம்ப மரியாதையான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். டிரைவரையும் ஆயாவையும்கூட எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, ஒரு பஸ்ஸுன்னா தெரியோணும். ஆனா தெரியறது மட்டும் பத்தாதுங்க. தெரிஞ்சுதுங்கறதுக்கு எங்ககிட்ட ஆதாரம் இருக்கோணும். ஆதாரம் இல்லாம தெரியற பஸ்ஸும் தெரியாத பஸ்ஸும் எங்களுக்கு ஒண்ணுதானுங்க."

ஆதாரத்துக்காக எல்லா ஆயாக்களுக்கும் ஆளுக்கொரு செல்போன் கொடுத்தார்கள். அதில் ஒரு செயலி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையை இறக்கிய இருபது வினாடிக்குள், பேருந்துக்குப் பின்னால் முப்பது மீட்டர் போய் நின்று, முழுப் பேருந்தும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் மனித உருவம் எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் மனிதர்கள் பேருந்தை மறைக்கிறார்கள். அலுவலர்கள் மட்டும் மனித உருவக் கணக்கில் வர மாட்டார்கள். படம் சரியாக இருந்தால் பச்சை விழும், பேருந்துக்குள் மாட்டிய ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "நன்றி. உங்கள் பேருந்து நன்றாகத் தெரிகிறது. புறப்படலாம்" என்று சொல்லும். சரியில்லை என்றால் சிவப்பு விழும், படம் தானாக அழிந்துவிடும். படம் இல்லாத நிறுத்தத்துக்குப் பேருந்து வரவே இல்லை என்று பதிவாகும்.

ராசாத்தாள் கையைத் தூக்கி எழுந்தாள். முப்பது மீட்டர் பின்னால் போய் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் கையை யாரு பிடிக்கறது என்று கேட்டாள்.

மனோஜ்குமாருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. "நல்ல கேள்விங்கம்மா. ஆனா அது குழந்தைப் புலப்பாடுங்க. நம்மளது பேருந்துப் புலப்பாடு. குழந்தைக்குன்னு தனியா ஒரு டிபார்ட்மெண்டு வருது, கோப்பு மேல போயிருக்குதுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் ஒத்துழைக்கோணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மோர் கொடுத்தார்கள். அத்தோடு முகாம் முடிந்தது.

முதல் வாரம் நான்காம் நம்பருக்கு விழுந்ததெல்லாம் சிவப்பு. ஒரு நாள் மாடு குறுக்கே வந்தது. மாடு மனித உருவம் இல்லையே என்று ராசாத்தாள் வாதாடிப் பார்த்தாள். மாட்டுக்குப் பின்னால் மாட்டுக்காரர் இருந்தார். இன்னொரு நாள் சாயங்கால வெயிலில் அவளுடைய நிழலே நீண்டு போய்ப் படத்தில் விழுந்தது. நிழலும் மனித உருவம்தான் என்று பதில் வந்தது. ஹர்ஷிணியை இறக்காமல் சீட்டிலேயே உட்கார வைத்துப் பார்த்தாள். படியில் தலையை எண்ண ஒரு மிஷின் வைத்திருந்தார்கள், இறக்கம் முடியவில்லை என்று அது படத்தை வாங்க மறுத்தது. இறக்கி ஓரமாக நிறுத்தலாம் என்றால் இடது பக்கம் சாக்கடைப் பள்ளம். அதன் விளிம்பில் நின்றாலும் படத்தில் விழுவாள். முதலில் கடத்திவிட்டு வந்து எடுக்கலாம் என்றால் இருபது வினாடியில் அந்த ரோட்டைக் கடக்க முடிந்தவன் யாரும் இன்னும் பிறக்கவில்லை.

பத்து நாளைக்கெல்லாம் பள்ளியிலிருந்து அவளைக் கூப்பிட்டு, ஓணாங்காட்டுப் பிரிவுக்குப் பேருந்து பத்து நாளாக ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். தினமும் போகிறதே என்றாள். பதிவில் இல்லையே என்றார்கள். அங்கப்பனும் சேர்ந்து வந்து, நான்தானுங்க ஓட்டிக்கொண்டு போறேன் என்றார். அதையும் பதிவில் பார்த்துவிட்டு, இல்லையே என்றார்கள்.

கடைசியில் ராசாத்தாள் கண்காணிப்பகத்துக்கே போன் போட்டாள். மனோஜ்குமாரே எடுத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கேமராவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் குழந்தையை நிறுத்தச் சொன்னார். பேருந்துக்கு முன்னால் நிறுத்தினால் படத்தில் விழாது.

"முன்னால நின்னா டிரைவருக்குத் தெரியாதுங்களே சார். புள்ள மூணரை அடி கூட இல்லீங்க. கண்ணாடிக்குக் கீழ மறைஞ்சுபோயிருமுங்க."

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. மனோஜ்குமார் விதிகளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "டிரைவருக்குத் தெரியோணும்னு விதியில எங்கயும் இல்லீங்களேம்மா."

எந்த இடத்தில் நின்றால் கேமராவுக்குத் தெரியாதோ, அந்த இடத்தில் நின்றால் டிரைவருக்கும் தெரியாது. இது ராசாத்தாளுக்குத் தெரியும், அங்கப்பனுக்குத் தெரியும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வேலையை விட்டுப்போட்டுப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் வேறொருத்தி வருவாள், அவளும் அதே போனைப் பிடிப்பாள், அவளுக்கு மணிக்கட்டா விரலா என்பதுகூடத் தெரியாமல் இருக்கும். அங்கப்பன்தான் ஒரு வழி சொன்னார். அந்த மிஷின் என்ன கத்தினாலும் தான் நகரப்போவதில்லை. அவள் எப்போதும் போல ஓடி வந்து, பிள்ளையைக் கடத்திவிட்டு, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். "நீ தட்டாம இந்தச் சக்கரம் உருளாது, ராசாத்தா. என்னைய நம்பு."

அப்படியே நடந்தது. ஹர்ஷிணியை இறக்கி பம்பருக்கு முன்னால் நிறுத்தி, அசையக் கூடாது, யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டு ராசாத்தாள் பின்னால் ஓடுவாள். எடுப்பாள். பச்சை விழும். மூச்சிரைக்க முன்னால் ஓடி வருவாள். பிள்ளைக்கு அது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது. பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கும்.

"நான் தெரிஞ்சனா அக்கா?"

"இல்ல அம்மணி. நீ தெரியவே இல்ல."

அதைக் கேட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தோசம். மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் ராசாத்தாளுக்கு உயிர் வரும்.

நான்காம் நம்பருக்குப் பச்சையாக விழ ஆரம்பித்ததும் பள்ளிக்கு மாவட்டத்தில் மூன்றாமிடம் கிடைத்தது. முதலிடம் வராததற்குக் காரணம், குரல் சொன்ன பிறகும் ஓணாங்காட்டுப் பிரிவில் பேருந்து மூன்று நிமிடம் சும்மா நிற்கிறதாம். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அங்கப்பனுக்கு ஒரு கடிதம் வந்தது, ரொம்ப மரியாதையான கடிதம். அவர் அதை மடித்து சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை மனோஜ்குமாரே நேரில் வந்தார். ஆண்டறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும். தினமும் பச்சை விழுகிற ஓணாங்காட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்திருந்தார். நாலு இருபதுக்குப் பேருந்து வந்து நின்றது. அடுப்பில் வைத்த மாதிரி வெயில். புதன்கிழமை பள்ளியில் விளையாட்டு நாள் என்பதால் ஹர்ஷிணி வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையே பிரவீனா அதற்குச் சுண்ணக்கட்டி அடித்து, பேக்கரி ஓவன் மேல் காயவைத்து, பளிச்சென்று போட்டுவிட்டிருந்தாள்.

ராசாத்தாள் பிள்ளையை முன்னால் நிறுத்தினாள். அலுவலரைப் பார்த்து, முதலில் கடத்திவிட்டு வந்துவிடட்டுமா சார் என்று கேட்டாள். இருபது வினாடி போய்விடுமே என்று அவர் வருத்தப்பட்டார். பேருந்தின் பின்பக்கம் இடதோரமாகப் போய் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர்தான் மனித உருவக் கணக்கில் வர மாட்டாரே. ராசாத்தாள் முப்பது மீட்டர் பின்னால் ஓடினாள், படம் எடுத்தாள்.

பச்சை விழுந்தது. "நன்றி. உங்கள் பேருந்து நன்றாகத் தெரிகிறது. புறப்படலாம்."

மனோஜ்குமாருக்குப் பூரித்துவிட்டது. சந்தையில் நல்ல காளையைப் பார்த்தவர் திமிலைத் தட்டிக்கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி, தன் பக்கத்திலிருந்த தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். டப், டப்.

அங்கப்பன் கியரைப் போட்டார்.

முப்பது மீட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்று விதிகளில் இல்லை. ராசாத்தாள் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் கண்ணுக்கு அந்தப் பேருந்து முழுசாக, நன்றாகத் தெரிந்தது. அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது பேருந்து நின்றிருந்தது. அங்கப்பன் இறங்கிப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் பிரவீனா கையில் பன்னோடு கடையை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

இதையெல்லாம் விவரித்துச் சொல்ல எனக்கு மனசு இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரி போகும்வரை இருக்கவில்லை.

அங்கப்பனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு விசாரித்தவர்கள் புலப்பாடு சம்பந்தப்பட்டது என்பதால் கண்காணிப்பகத்தின் அறிக்கையைக் கேட்டார்கள். கண்காணிப்பகத்தின் விசாரணை அலுவலர் மனோஜ்குமார். அவர் நாலு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார் என்றும், அதற்கிடையிலும் அறிக்கையைக் குறித்த தேதியில் முடித்தார் என்றும் சொன்னார்கள். பச்சை விழுந்த படத்தில் குழந்தை இல்லை. ஆகவே அந்த நேரத்தில் பேருந்தின் அருகில் குழந்தை இல்லை. ஆகவே ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்த குழந்தை, பெற்றோரின் கவனக்குறைவால் பேக்கரியிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். ஆயா விதிப்படி நடந்திருக்கிறார், அவருக்குப் பாராட்டு.

அறிக்கையை வாங்கிப் படித்த மதன்குமார் பேக்கரி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். பிரவீனா பார்க்கிறவர்களிடமெல்லாம், அவ கடைக்கு வரவே இல்லீங்க, பால் பன் எடுத்து வச்சிருந்தனுங்க, வரவே இல்லீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினார்கள். யாரும் நம்பவில்லை. அச்சடித்த தாளில் வேறு மாதிரி இருந்ததே.

ராசாத்தாள் தப்பித்துவிட்டாள், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கண்ணாடி விரிந்துபோன அந்தப் போனை மறுநாள் வேலைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொடுப்பதற்கு முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தை எடுத்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மனோஜ்குமாரின் முகம், சட்டை, தகரத்தின் மேல் அவர் கை. கீழே இறக்கினாள். பேருந்தின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருட்டு. அந்த இருட்டின் அந்தக் கோடியில், முன் சக்கரத்துக்கு அப்பால், வெள்ளையாக இரண்டு ஷூ. சேர்த்து வைத்த மாதிரி, அசையாமல், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றன. கறுப்பு ஷூ போடுகிற நாளாக இருந்தால் தெரிந்திருக்காது.

அவள் வேலைக்குப் போகவில்லை. நேரே பிரவீனாவைக் கூட்டிக்கொண்டு பீளமேட்டுக்கு பஸ் ஏறினாள்.

மனோஜ்குமார் இருவரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ராசாத்தாள் போனை மேசையில் வைத்து, தான்தான் பிள்ளையை அங்கே நிறுத்தினேன் என்றாள். நீங்கள் தட்டினீர்கள், டிரைவர் நகர்த்தினார் என்றாள். குரல் உயரவில்லை. "இந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்லீங்க. தப்பு என்னுதா இருந்தாலும் சரி, உங்களுதா இருந்தாலும் சரி, எழுதிப்போட்டு என்னைய ஜெயிலுக்கு அனுப்புங்க. புள்ள அங்கதான் நின்னுச்சு. பாருங்க, ஷூ தெரியுது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது, அதுவும் உண்மைதான். "தெரியுதுங்கம்மா. நல்லாவே தெரியுது."

பிரவீனா எட்டிப் பார்த்தாள். அது தன் மகள் உயிரோடு நிற்கும் கடைசிப் படம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை குடுங்க சார் என்று கையை நீட்டினாள்.

"ஒரே நிமிசமுங்க," என்றார் மனோஜ்குமார். "நீங்க நேர்மையா வந்து சொன்னதுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோமுங்க. படத்துல மனித உருவம் இருக்குது. இது செல்லாத படமுங்க. எப்படியோ பச்சை உழுந்துபோச்சு. தெரிஞ்ச பின்னாடி நான் சும்மா இருந்தா தப்புங்களே."

அலுவலர்களுக்கு மட்டும் திறக்கிற பக்கத்தைத் திறந்து, சிவப்பை அமுக்கினார். படம் அழிந்தது. ஷூவும் அழிந்தது, தகரத்தின் மேல் இருந்த கையும் அழிந்தது.

பிரவீனா நீட்டிய கையை மடக்கவில்லை. ராசாத்தாள் போனை எடுத்துத் தேய்த்தாள், தட்டினாள், திருப்பினாள். அது விதிப்படி வேலை செய்தது. "ஓணாங்காட்டுப் பிரிவு, புதன்கிழமை: படம் இல்லை. பேருந்து வரவில்லை. காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்." கீழே ஒரு பட்டியல்: மழை, பஞ்சர், சாலை மறியல், பள்ளி விடுமுறை. ஒரு நிமிடத்துக்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலில் இருப்பது தானாகப் பதிவாகும்.

ராசாத்தாள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவ்வளவுதான் இருந்தது. நிமிடம் முடிந்தது. "நன்றி. காரணம்: மழை."

பேருந்தே வரவில்லை என்று ஆன பிறகு விபத்து எங்கிருந்து வரும்? அன்று மாலையே அங்கப்பனைப் போகச் சொல்லிவிட்டார்கள். வராத பேருந்தை ஓட்டியதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அவர்தான் போகவில்லை. நான்தானுங்க, நான்தானுங்க என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பெற்றோர் மேல் போட்ட கவனக்குறைவையும் தள்ளுபடி செய்துவிட்டதாக மனோஜ்குமார் பிரவீனாவுக்கு ஆறுதல் சொன்னார். வாசல்வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார்.

"பாத்துப் போங்க அம்மணி. பத்து நாளா ஒரு பொட்டு மழை இல்லாம வெயில் கொளுத்துது."

பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். பீளமேட்டு ரோட்டில் அந்த நேரத்துக்கு லாரியும் காரும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பிரவீனா அவற்றைப் பார்த்ததாகவே தெரியவில்லை. காலை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டாள். ராசாத்தாள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையை உயர்த்திக்கொண்டு, வருகிற லாரிக்காரனை முறைத்தபடியே நடந்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் பிடியை விடவில்லை.